கேம் வேலைக்காகப் பெங்களூர் வருகிறவர்களுக்கு

பெங்களூர் மடிவாளாவில் விடிகாலை ஐந்து மணிக்கு ஆம்னி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். போன வருடம் அப்படி ஒரு காலையில் ஊரிலிருந்து வந்த என் சித்தி மகனை அழைத்துவரப் போயிருந்தேன். ஒரு பை, ஒரு தலையணை, பெட்ஷீட்டில் சுற்றிக் கயிறு கட்டிய கம்ப்யூட்டர் கேபினெட். அறைக்கு வந்து சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் அப்படியே பஸ் டிக்கியில் போட்டுவிட்டான். ராத்திரி முழுக்கக் குலுங்கியதில் கார்டின் எடை தாங்காமல் மதர்போர்டில் அது உட்காரும் ஸ்லாட்டே பிய்ந்துவிட்டது. கையில் கொண்டுவந்த பணத்தில் முதல் செலவு புது மதர்போர்டு.

முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அவன் வருத்தப்பட்டான். நானும் சொல்லியிருக்கலாம். கேம் துறையில் சேர வேண்டும் என்று பெங்களூருக்குக் கிளம்பும் பிள்ளைகள் இதே மாதிரி சின்னச் சின்ன விஷயங்களில் அடிபடுவதை எட்டு வருடமாகப் பார்க்கிறேன். அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று. பெங்களூர் வந்து கற்றுக்கொள்ளலாம் என்று வராதீர்கள். கற்றுக்கொண்டு வாருங்கள். த்ரீடி மாடல் செய்யும் பிளெண்டரும் கேம் உருவாக்கும் யூனிட்டியும் திண்டுக்கல்லிலும் அதே பிளெண்டர், அதே யூனிட்டிதான். இங்கே பிஜி (சாப்பாட்டோடு தங்கும் விடுதி) அறையில் உட்கார்ந்து மாதம் இருபதாயிரம் செலவழித்து யூடியூப் பார்த்துப் படிப்பதை, அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு ஊரிலேயே செய்யலாம். இந்த ஊர் கொடுப்பது வேறு. உங்கள் வேலையைப் பார்த்து எது சரி, எது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் காட்ட ஏதாவது கையில் இருந்தால்தான் இந்த ஊரால் பலன்.

எந்த வேலைக்கு எந்த ஊர்

கேம் துறை ஊருக்கு ஊர் வேறு மாதிரி. புனேயில் யூபிசாஃப்ட், சூப்பர்கேமிங். ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். குர்கானில் லக்ஷ்யா டிஜிட்டல். பெங்களூரில் கேம் தொழில் வேர்பிடித்ததில் பெரிய பங்கு 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவுக்கு. வெளிநாட்டு ஸ்டுடியோக்களின் கேம்களுக்கு ஆர்ட் செய்து கொடுத்தே வளர்ந்த நிறுவனம் அது. 2019இல் ஜிடிஏ கேம் செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் இந்திய ஸ்டுடியோவோடு சேர்த்துக்கொண்டது. அவுட்சோர்ஸ் ஆர்ட் என்பது இன்றும் இந்த ஊரின் பெரிய சோறு.

இன்னொரு பக்கம் மொபைல் கேம். ஜிங்கா 2010இலேயே இங்கே அலுவலகம் திறந்தது. தீன் பத்தி கோல்டு என்ற சீட்டு விளையாட்டைச் செய்த மூன்ஃபிராக், சொல் விளையாட்டுகள் செய்யும் ப்ளேசிம்பிள் இரண்டும் இங்கே பிறந்து 2021இல் சுவீடன் நிறுவனங்களின் கைக்குப் போனவை. பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை நடத்தும் கிராஃப்டனின் இந்திய அலுவலகமும் இங்கேதான்.

ஆகவே த்ரீடி ஆர்ட், அனிமேஷன், யூனிட்டி புரோகிராமிங், கியூஏ (கேமைச் சோதித்துப் பிழை பிடிப்பது), இந்த நான்கில் ஒன்று உங்கள் கைவேலை என்றால் பெங்களூர் சரியான ஊர். "ஐடியா சொல்வேன், கதை எழுதுவேன்" என்று மட்டும் வருகிறவர்களுக்கு இங்கே புதியவர் வேலை மிகக் குறைவு. டிசைனர் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் கியூஏ வழியாகவோ புரோகிராமிங் வழியாகவோ உள்ளே நுழைந்து பிறகு மாறுவதே நான் அதிகம் பார்த்த பாதை.

2025இல் இரண்டு அடிகள் விழுந்தன, அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பிப்ரவரியில் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் பண நெருக்கடியில் சரிந்தபோது பெங்களூரிலிருந்த அதன் ஸ்டுடியோவும் மூடிக்கொண்டது. அனுபவமுள்ள ஆர்ட்டிஸ்டுகள் பலர் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. ரம்மி, ஃபேன்டஸி கேம்களை நம்பியிருந்த நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. ஒரு நிறுவனத்தில் சேருமுன் அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிடுங்கள். நேர்காணலிலேயே கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

நான் முதலில் வந்தபோது என் போர்ட்ஃபோலியோவில், அதாவது செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பில், இருபத்திரண்டு படங்கள். ஒரு சந்திப்பில் மூத்த ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் லேப்டாப்பை நீட்டினேன். அவர் ஒரே ஒரு மாடலைத்தான் திறந்தார். எங்கள் தெரு டீக்கடைப் பித்தளை பாய்லர். திறந்ததும் வயர்ஃப்ரேமை, அதாவது மாடலின் கோட்டு வலையைப் போட்டு அடிப்பக்கம் நெருங்கினார். அங்கே ஒரு சின்னத் திருகாணியின் வட்டத்துக்கு 64 பக்கம் வைத்திருந்தேன் (பக்கம் கூடினால் வளைவு வழுவழுப்பாகும், கேமுக்குச் சுமையும் கூடும்). பாய்லரின் உடம்புக்கே 24தான். "இந்தத் திருகாணியை விளையாடுகிறவன் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பான்?" என்றார். அப்புறம் டெக்ஸ்சரை, அதாவது மாடல் மேல் போர்த்தும் நிறத்தையும் கறையையும் பார்த்துவிட்டு, "குழாய்க்குக் கீழே ஏன் கறையே இல்லை? இந்தக் கடையில் டீ சொட்டாதா? கைபடுகிற இடம் மட்டும் தேய்ந்து பளபளக்காதா?" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் கற்றது நான் அதுவரை பணம் கட்டிப் படித்த எதிலும் இல்லை. அன்று ராத்திரியே மற்ற படங்களைத் தூக்கிவிட்டு அந்தப் பாய்லரை மறுபடி செய்ய ஆரம்பித்தேன்.

ஆர்ட்டிஸ்டாக வருகிறவர்களுக்கு நான்கைந்து வேலை போதும், நன்றாக இருந்தால் மூன்றே போதும். எல்லாரும் செய்யும் அறிவியல் புனைவுத் துப்பாக்கியை விட, நீங்கள் தொட்டுப் பழகிய ஒரு பொருளை எடுங்கள். தறி, பம்புசெட் மோட்டார், ரேஷன் கடைத் தராசு. எங்கே துரு பிடிக்கும், எங்கே எண்ணெய் படியும் என்று உங்களுக்குக் கண்ணை மூடினால் தெரியும். ரெண்டர் (முடிந்த படம்) மட்டும் போடாமல் வயர்ஃப்ரேம், யுவி (டெக்ஸ்சர் போர்த்த மாடலைத் தட்டையாக விரித்த படம்), டெக்ஸ்சர் தாள்கள் எல்லாவற்றையும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் பக்கத்திலேயே போடுங்கள். அன்ரியல் என்ற கேம் மென்பொருளிலோ யூனிட்டியிலோ ஏற்றி எடுத்த படம் ஒன்றாவது இருக்கட்டும். பார்க்கிறவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

புரோகிராமருக்கு ஒரே பேச்சு: முடித்த கேம் ஒன்று வேண்டும். பாதியில் நிற்கும் பத்து கேமுக்கு மதிப்பில்லை. சின்னதாக இருக்கட்டும், ஆனால் மெனு, நடுவில் நிறுத்திவைக்கும் பொத்தான், ஒலியளவு, சேவ் எல்லாம் இருக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் கேம் நிற்க வேண்டும், பேசிவிட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பாருங்கள். அங்கே திணறினால், கேமின் எந்தப் பகுதி நேரம் தின்கிறது என்று காட்டும் ப்ரோஃபைலரைத் திறந்து ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, அதை இரண்டு பத்தி எழுதி வையுங்கள். அந்த இரண்டு பத்திதான் நேர்காணலில் அரை மணி நேரப் பேச்சாகும். ப்ளே ஸ்டோரில் போட ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிப்பில் இருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது, அதற்கு நண்பர்களை முன்பே பிடித்து வையுங்கள். இட்ச் தளத்தில் போடக் காசு வேண்டாம்.

கணக்கையும் கொஞ்சம் தூசி தட்டுங்கள். "எதிரி உனக்கு முன்னால் நிற்கிறானா, பின்னால் நிற்கிறானா, எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்பது புதியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நீங்கள் பார்க்கும் திசைக்கும் எதிரி இருக்கும் திசைக்கும் டாட் ப்ராடக்ட் போட்டால் விடை நேர் எண் என்றால் முன்னால், எதிர் எண் என்றால் பின்னால். ப்ளஸ் டூவில் படித்த வெக்டர்தான். அன்று எதற்கென்று தெரியாமல் படித்தோம், இதற்குத்தான்.

கியூஏ வேலைக்குப் போர்ட்ஃபோலியோ வேண்டாம் என்று நினைக்கிறார்கள். வேண்டும். உங்கள் போனில் இருக்கும் ஏதாவது இலவச கேமை எடுத்து, ஐந்து பக் (பிழை) கண்டுபிடித்து முறையாக எழுதுங்கள். "வண்டியில் ஏறினால் கேம் தொங்குகிறது" என்று எழுதினால் புரோகிராமரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த போன், எந்த ஆண்ட்ராய்டு, கேமின் எந்தப் பதிப்பு, வண்டிக்கு இடப்பக்கம் நின்று, கையில் ஆயுதம் எடுத்த நிலையில், ஏறும் பொத்தானை இரண்டு முறை வேகமாகத் தட்டினால் தொங்குகிறது, பத்து முறையில் ஏழு முறை நடந்தது, நடந்திருக்க வேண்டியது இது, நடந்தது இது, வீடியோ இணைப்பு. இப்படி ஐந்து எழுதிக் காட்டுங்கள். ஆயிரம் மணி நேரம் விளையாடியிருக்கிறேன் என்று சொல்வதை விட இது பல மடங்கு பேசும்.

ஊரிலிருந்தே விண்ணப்பம், பிறகு ஒரு பத்து நாள் பயணம்

முதல் சுற்று நேர்காணல்கள் பெரும்பாலும் வீடியோவில்தான். அதனால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். ஆர்ட் டெஸ்ட், கோடிங் டெஸ்ட் கொடுத்தால் எத்தனை நாள், எதைப் பார்த்து மதிப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அதை அவர்கள் அனுமதி இல்லாமல் பொதுவில் போட்டுவிடாதீர்கள், அப்படிப் போட்டுக் கைக்கு வந்த வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அந்த இடத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

மொத்தமாகக் குடிபெயருமுன் பத்து நாள் வந்து பாருங்கள். ஏதாவது நிகழ்ச்சியை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. ஜனவரிக் கடைசியில் உலகெங்கும் குளோபல் கேம் ஜாம் நடக்கும். 48 மணி நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஒரு கேம் செய்ய வேண்டும். என் இன்றைய நண்பர்களில் பாதிப்பேர் அப்படிக் கிடைத்தவர்கள். அனிமேஷன், கேமிங் துறைக்காரர்களின் சங்கமான அபாய் இங்கே ஜிஏஎஃப்எக்ஸ் மாநாட்டை நடத்துகிறது. இந்தியா கேம் டெவலப்பர் கான்ஃபரன்ஸ் பல வருடம் ஹைதராபாத்தில் நடந்து, 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தது. அதற்கு மாணவர்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்த மாதிரி இடங்களில் போய் "வேலை இருக்கிறதா சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். போனில் உங்கள் கேமை வைத்திருங்கள். "இரண்டு நிமிடம் ஆடிப் பார்த்து, எங்கே போர் அடிக்கிறது என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். கேம் செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு மயங்குவார்கள். நேரம் ஒதுக்கிப் பார்ப்பார்கள், பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

கையில் எவ்வளவு பணம்

வேலை கிடைத்துச் சேருகிறீர்கள் என்றாலும் முதல் சம்பளம் வர ஒன்றரை மாதம் ஆகலாம். வேலை இல்லாமல் தேடி வருகிறீர்கள் என்றால் நான்கு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து இருக்கும் பிஜியில் சாப்பாட்டோடு சுமார் 9,000 முதல் 13,000 வரை, இடத்தைப் பொறுத்து. போக்குவரத்து, போன், மாலை டீ, வார இறுதிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 18,000 முதல் 20,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆக, எண்பதாயிரம் இல்லாமல் வேலை தேடி வராதீர்கள். வட்டிக்கு வாங்கி வர வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தனி வீடு எடுக்க நினைக்காதீர்கள். இங்கே அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, ஆறு மாத வாடகை என்று கேட்பார்கள், பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம். முதல் ஆறு மாதம் பிஜியே போதும்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது

என் தம்பிக்கு நடந்தது உங்களுக்கு வேண்டாம். கிளம்பும் முதல் நாள் கேபினெட்டைத் திறந்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், எந்த ஒயர் எங்கே என்று அப்போதுதான் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டின் திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கை அமுக்கி மெதுவாக இழுங்கள். அது வந்த ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு, துணிக்கு நடுவில் வைத்து, தோள்பையில் உங்கள் மடியிலேயே கொண்டுவாருங்கள். ப்ராசஸர் மேல் பெரிய கூலர் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும்; திரும்ப மாட்டும்போது பூசத் தெர்மல் பேஸ்ட் ஒரு டியூப் வாங்கி வையுங்கள். ஹார்டு டிஸ்க் கையோடு. மானிட்டரை ஊரில் விட்டுவிட்டு இங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் பழையது ஒன்று வாங்குவது சில சமயம் லாபம். உங்கள் போர்ட்ஃபோலியோ மொத்தமும் கிளவுடில் ஒரு நகல் இருக்கட்டும்.

பிஜி பார்க்கும்போது

வேலை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகே இடம் பிடியுங்கள். இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, நேரத்தில் சொல்கிறோம். ஒயிட்ஃபீல்டில் வேலையை வைத்துக்கொண்டு பிடிஎம் லேஅவுட்டில் தங்கினால் ஒரு நாளில் மூன்று மணி நேரம் சாலையில் போகும். பர்ப்பிள் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை போகிறது. 2025 ஆகஸ்டில் திறந்த யெல்லோ லைன் ஆர்வி ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை போகிறது. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால் ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தாவது எடுங்கள்.

கேம் வேலைக்காரர்கள் பிஜியில் மற்றவர்களை விடக் கூடுதலாகச் சிலது பார்க்க வேண்டும். டெஸ்க்டாப் வைக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள், சில இடங்களில் கரண்டுக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். கரண்ட் போனால் பேக்கப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தானா, ப்ளக் பாயின்டுக்கும் வருமா? லைட்டுக்கு மட்டும் என்றால் சின்ன யுபிஎஸ் ஒன்று வேண்டும். வைஃபை வேகத்தை அவர்கள் சொல்வதைக் கேட்காமல், நீங்கள் தூங்கப்போகும் கட்டிலில் உட்கார்ந்து ராத்திரி ஒன்பது மணிக்குச் சோதித்துப் பாருங்கள். பகல் பதினோரு மணிக்கு எல்லா பிஜியிலும் நெட் பறக்கும். தண்ணீரும் கேளுங்கள். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது. அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை வாட்சப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் சரளமாக ஓடும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது, பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம். ஆனாலும் முதல் நாளிலிருந்தே கன்னடம் பேச முயலுங்கள். "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று பிஜி சமையல்காரரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அடுத்த நாள் உங்கள் தட்டில் ஒரு சப்பாத்தி கூட விழும்.

ஆஃபர் லெட்டரைப் படிக்கும் விதம்

வருடம் 3,60,000 சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,800 ரூபாய், பெரும்பாலும் அந்த 30,000க்குள்ளேயே அடங்கியிருக்கும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 720 ரூபாய், அதுவும் உள்ளே. உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. கர்நாடகத் தொழில் வரி 200. கைக்கு வருவது 25,500க்குக் கொஞ்சம் குறைவு. காப்பீட்டுக்குப் பிடித்தால் இன்னும் குறையும்.

பாண்டு இருந்தால் எத்தனை மாதம், விட்டுப்போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ப்ரொபேஷன் காலம், நோட்டீஸ் காலம், ஓவர்டைம் பற்றிய வரி இவற்றைப் படித்தே ஆக வேண்டும். கேம் வெளியாகும் முன் வாரக்கணக்கில் ராத்திரி வேலை இருக்கும், அதைக் கிரஞ்ச் என்பார்கள். எப்போதாவது வந்தால் சரி. "இங்கே எல்லா மாதமும் அப்படித்தான்" என்று உள்ளே வேலை செய்கிறவர் சொன்னால் நம்பி யோசியுங்கள். ஆஃபர் வந்த பிறகு அங்கே வேலை செய்யும் யாராவது ஒருவரிடம் பேசாமல் சேராதீர்கள்.

வேலை தேடி வந்தவர்களின் நான்கு மாதம்

காலை நான்கு மணி நேரம் போர்ட்ஃபோலியோ வேலை, பிறகு விண்ணப்பம், வாரத்தில் ஒரு நாள் ஆட்களைச் சந்திக்க. இந்த மூன்றில் எதையும் விடாதீர்கள். யார் என்ன குறை சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

கையில் ஒரு மாதச் செலவுக்கான பணம் மட்டும் மிஞ்சும் நாளில் பிஜியில் சொல்லிவிட்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். கடன் வாங்கி இன்னும் ஒரு மாதம் இழுத்துப் பார்க்க வேண்டாம். ஊரில் இருந்தபடியே ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கலாம், ஆர்ட்டிஸ்டுகளுக்கு அது நன்றாகவே கிடைக்கிறது. ஒரு ஸ்டுடியோ வேண்டாம் என்று சொன்னால் ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பது பல இடங்களில் வழக்கம். நிராகரிப்பு மெயில் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த ஆறு மாதத்தில், நோட்டில் எழுதிய குறைகளைச் சரிசெய்து புதிதாக ஒன்று முடித்து, அதே மெயிலுக்குப் பதில் போட்டு அனுப்புங்கள். எனக்கு இரண்டாவது தடவைதான் வேலை கிடைத்தது. அனுப்பியது அந்தப் பாய்லர்தான், குழாய்க்குக் கீழே கறையோடு.